பாதிப் படியில்

என்னங்க,

போனில் பேசினால் உங்களுக்குக் காதில் விழுவதில்லை. அதனால் எழுதி மருமகளிடம் கொடுத்தனுப்புகிறேன். கஞ்சியாவது குடித்தீர்களா?

என் முட்டி இரண்டும் தேய்ந்துபோய்க் கட்டிலைக் கீழே மாற்றியபோது, பொழுதுக்கும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். இப்போது மூச்சு மெஷினோடு நீங்கள் மாடியில். உங்களை அசைக்கவே கூடாதாம்.

நேற்று மதியம் உங்கள் இருமல் கேட்டு, யாருக்கும் தெரியாமல் ஏறிப் பார்த்தேன். பாதிப் படியில் முட்டி பிடித்துக்கொண்டது. வலியில் உயிர் போனது, அங்கேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். "யாரு அது?" என்றீர்கள். அழுகிற குரலில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

மகன்தான் வந்து பார்த்தான். "விழுந்திருந்தா என்னம்மா ஆகுறது?" என்று கத்தினான். டாக்டர் வாசலில் அவனிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தேய்ந்தது முட்டிதான், காது இல்லை.

நாளைக் காலையில் அவனும் பக்கத்து வீட்டு டிரைவரும் என்னை நாற்காலியோடு தூக்கி வருவார்கள். கல்யாணத்தன்றுகூட எனக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை. சிரிக்காதீர்கள், இருமல் வரும்.

"திரும்ப எப்பம்மா கீழ எறக்கணும்?" என்று கேட்டான்.

"என் தலையணையையும் சேர்த்து எடுத்துட்டு வாடா" என்றேன்.

கட்டிலில் கொஞ்சம் தள்ளிப் படுங்கள்.

இன்று ஒருநாள் மட்டும்
உங்கள் கீழ்வீட்டுக்காரி