அயர்லாந்தில் வண்டி சேற்றில் நின்ற அன்று

அன்புள்ள மலர் அப்பாவுக்கு,

இப்படிக் கூப்பிடக் கூடாது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் சொன்னீர்கள். வெள்ளிமலையில் மலைசாதிப் பையனை நம் பெண் கல்யாணம் செய்துகொண்ட சேதி வந்ததும், மோட்டார் கொட்டகைக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு ஈரத் துண்டோடு வந்து நின்றீர்கள். இனி இந்த வீட்டில் அவள் பேர் காதில் விழக் கூடாது என்றீர்கள். உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அன்றிலிருந்து 'இந்தாங்க' என்றே காலத்தை ஓட்டினேன். இப்போது நீங்கள் இல்லை, என் இஷ்டப்படி கூப்பிடுகிறேன்.

நான் சௌக்கியம். ஆனால் கோபமாக இருக்கிறேன். ஊரில் இன்னும் உங்களைத் தங்கமான மனுஷன் என்கிறார்கள். சாவுக்குக்கூட வராத கல்நெஞ்சக்காரி என்று மலரைச் சொல்கிறார்கள். அதனால்தான் இதை உங்களோடு மட்டும் பேசிக்கொள்ளாமல் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

உங்கள் சட்டைப் பையிலேயே இருந்த போன் உங்களுக்குப் பிறகு என் கைக்கு வந்தது. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், அவளோடு படித்த சங்கராபுரத்துப் பெண் சொல்லி விஷயம் தெரிந்து மலர் கூப்பிட்டாள். இரண்டு பேரும் அழுதோம். அவளும் எதையும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. "ஒரு தடவ இங்க வந்துட்டுப் போம்மா" என்றாள். அவளும் அவள் புருஷன் கோவிந்தனும் அயர்லாந்தில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள். நான் போனது ஊர் பார்க்க இல்லை. ஆறு வருஷமாகப் பெற்றவளுக்கு ஒரு போன் செய்ய உனக்கு ஏன் மனசு வரவில்லை என்று அவளை நேருக்கு நேர் கேட்கத்தான் போனேன்.

போன இரண்டாம் நாளே, வீடு மாதிரி ஒரு வண்டியை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கடற்கரையோரமாகவே ஒரு வாரம் போகலாம் என்றார்கள். வண்டிக்குள்ளேயே அடுப்பு, கட்டில், சாமான் கழுவத் தொட்டி, எல்லாம். அடுப்புக்குக் கை எட்டும் தூரத்தில் கக்கூஸ். நீங்களாக இருந்தால் அப்போதே இறங்கி நடந்திருப்பீர்கள். நானும் முதல் நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன். கக்கூஸ் பெட்டியைத் தினமும் கழற்றிக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவி எடுத்து வந்தது உங்கள் மாப்பிள்ளை. ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதுகிறேன்.

ரசத்துக்குத் தாளித்த புகைக்குக் கூரையில் ஒரு கருவி கூவிற்று. மலர் ஓடிவந்து துண்டால் விசிறினாள். ரோடோ ஒரு மாட்டு வண்டி போகிற அகலம், இரண்டு பக்கமும் கல் அடுக்கிய சுவர். எதிரே டிராக்டர் வந்தபோது ஒதுங்கப் போய்ப் பக்கக் கண்ணாடி சுவரில் உரசி நொறுங்கியது. ராத்திரி காற்று அடித்தால் வண்டி தூளி மாதிரி ஆடியது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நம் வீட்டில் கோபம் வந்தால் நீங்கள் கொல்லைக்குப் போய்விடுவீர்கள், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்த வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டால்கூட எதிராளியின் முழங்கால் இடிக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம், கடலைப் பார்த்த ஒரு புல்வெளியில் நிறுத்தினோம். சாப்பிட்டுக் கிளம்பும்போது மழையில் ஊறிய மண்ணில் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. "அத்த, நீங்க உள்ளயே இருங்க, யாரையாச்சும் இட்டுக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தன் நனைந்துகொண்டே போனான். உள்ளே நானும் மலரும் மட்டும். இதற்கு மேல் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஆறு வருஷம்டி. ஒரு போன் பண்ணக் கை வரல இல்ல ஒனக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னாம்மா சொல்ற? மொதப் பொங்கலுக்கே பண்ணேன். நீதான் பேசமாட்டேன்னுட்ட."

"நானா?"

"அப்பாதான் எடுத்தாரு. அம்மாகிட்ட குடுங்கப்பான்னு அழுதேன். போன கீழ வெச்சிட்டு ஒன்னக் கேக்கப் போனாரு போலன்னு நெனச்சேன். அப்புறம், 'ஒங்கம்மா பேசமாட்டாளாம். ஒன்ன செத்துட்டதா நெனச்சிக்கினு இருக்காளாம்'னாரு. அடுத்த பொங்கலுக்கும் அதேதான். அதுக்கு மேல நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு பண்றது?"

அந்தப் பொங்கல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் பானை பொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் உள்ளேயிருந்து வந்தீர்கள். யாருங்க போன்ல என்று கேட்டேன். "ராங் நம்பர்" என்றீர்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்து, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் பொங்கல் சாப்பிட்டீர்கள். எப்படி இறங்கியது உங்களுக்கு? அதற்கப்புறம் நல்லநாள் பெரியநாளெல்லாம் "ஒரு போன் பண்ணாளா பாத்தியா ஒம்பொண்ணு" என்று என்னிடமே சொல்வீர்களே, அப்போதுகூட வாய் கூசவில்லையா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் மறைத்தது ஒரு பெண்ணை. உங்களுக்கு அவள் வேண்டாமென்றால் அது உங்கள் பாடு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள் என்பது தெரிந்துதான் உங்களோடு குடித்தனம் செய்தேன். ஆனால் என் வாயை உங்களுக்கு யார் கொடுத்தது? என் பெண்ணைச் செத்தவள் என்று நான் எப்போது சொன்னேன்?

கோவிந்தன் ஒரு கிழவரை டிராக்டரோடு அழைத்து வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். வண்டி புதைந்ததற்குத்தான் இந்த அழுகை என்று நினைத்து அந்தக் கிழவர் சங்கிலியை மாட்டிக்கொண்டே என்னென்னவோ ஆறுதல் சொன்னார். ஒரே இழுப்பில் வண்டி மேலே வந்துவிட்டது.

மறுநாள் வெயில் அடித்தது. மணலை ஒட்டி மூன்று நாற்காலி போட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். "மாப்ள, இன்னும் கொஞ்சம் வெச்சிக்கங்க" என்றேன். அவன் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. மலர் கடலைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படி ஒரு நாள் உங்களுக்கும்தான் கிடைத்திருக்கும். வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போனீர்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில், பின் சீட்டில் என் மேல் சாய்ந்துகொண்டு மலர் கேட்டாள். "ஆஸ்பத்திரில இருக்கசொல்லோ அப்பா என்னப் பத்தி எதுனா கேட்டாராம்மா?"

என்ன சொல்வேன்? கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்றா என்று கேட்டீர்கள். கரண்ட் வந்ததா, மாடு கன்று போட்டதா என்று கேட்டீர்கள். அவளைக் கேட்பீர்கள், கேட்பீர்கள் என்று கடைசி மூச்சு வரைக்கும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கேட்டாரு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் மனசு ஆறியிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "ஊருக்கு வா, சொல்றேன்" என்று சமாளித்தேன்.

போன வாரம் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போனேன். கல்யாணமான புதிதில் கோவிந்தனின் அம்மா பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நம் வாசலில் நின்றார்களே, ஒரு வாய் தண்ணீர்கூட நீங்கள் கொடுக்கவிடவில்லையே, அவர்களைத்தான் பார்க்கப் போனேன். "வாங்க சம்மந்தி, குந்துங்க" என்று பாய் விரித்தார்கள். பழைய பேச்சை அவர்கள் எடுக்கவே இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தை மாதம் உங்கள் வருஷ தெவசத்துக்கு மலரும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். மலைச் சம்பந்தியும் வருவார்கள். எல்லோருக்கும் நடுவீட்டில்தான் இலை. பங்காளிகள் முறைத்தால் முறைக்கட்டும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உங்களுக்குப் பிடித்த வடை, பாயசம் எல்லாம் வைத்துக் குறையில்லாமல் படைப்பேன். அதில் என் கோபத்தைக் காட்ட மாட்டேன்.

ஆனால் மலர் மறுபடியும் அதைக் கேட்பாள். அப்பா உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்றே சொல்லப்போகிறேன். அழுவாள், அழட்டும், பக்கத்தில் நான் இருப்பேன். என் பேரைச் சொல்லி அவளிடம் நீங்கள் பொய் சொன்னீர்கள். உங்கள் பேரைச் சொல்லி நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனைவியும்
கோவிந்தனின் மாமியாருமான
சரோஜா