ஏழாவது ரவுண்டில் என் வீட்டுக்காரர்

ஜனவரி 12, திங்கள்
ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு செஸ் ஆட்டம். இன்றும் தோற்றேன். கறுப்புக் காய் என்றால் நான் பிரெஞ்சு டிஃபென்ஸ்தான். சிப்பாய்களைச் சுவராக நிறுத்திவிட்டுப் பத்திரமாக உட்கார்ந்துகொள்வேன். அந்தச் சுவருக்குள்ளேயே என் பிஷப் ஒன்று மாட்டிக்கொண்டு முழிக்கும். “உன் பிஷப்பு வெளியவே வராதா கீதா?” என்று என் வீட்டுக்காரர் முருகவேலுக்குக் கிண்டல். கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு ஆடச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். தினமும் துவைத்துக் காயப்போடுவதும் இவரேதான். ஆனாலும் பிடிக்கிறது.

ஜனவரி 29, வியாழன்
டவுன் கல்யாண மண்டபத்தில் செஸ் போட்டி. நாலு நாள், ஏழு ரவுண்டு. எட்டு வயதுப் பெண்ணிடம் தோற்றேன். அவள் பிஸ்கட் தின்றுகொண்டே ஜெயித்தாள்.

ஜனவரி 31, சனி
ரேட்டிங், அதாவது தரப்புள்ளி, உள்ளவர்களோடு இதுவரை நாலு ஆட்டம், நாலும் தோல்வி. நாளை ஏழாவது, கடைசி ரவுண்டில் அப்படி ஐந்தாவது ஆட்டம். அந்த ஐந்தில் ஒரு டிரா செய்து அரைப் புள்ளி எடுத்தாலே எனக்கும் ரேட்டிங் வரும். எதிராளி யார்? என் வீட்டுக்காரர்.

“பதினஞ்சாவது மூவ்ல டிரா பண்ணிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?” என்றார்.

எனக்குத் தெரியுமே. “விட்டுக்கொடுத்தீங்கன்னா இனிமே உங்ககூட ஆடவே மாட்டேன்”னு சொல்லிட்டேன். நிஜமாத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு
தைப்பூசப் பௌர்ணமி. போட்டி நடத்துகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், நாள் பார்க்கவில்லை. ஆட்டோ கிடையாது. ரமணாசிரமம் பக்கத்து எங்கள் வீட்டிலிருந்து கிரிவலக் கூட்டத்துக்கு எதிராகவே நடந்தோம். “இன்னாம்மா, திசை மாறிப் போறீங்க?” என்று ஒரு அம்மா கேட்டாள்.  மண்டப வாசல் வரை அவர் என் கையை விடவில்லை.

மூன்றாவது மூவிலேயே நடுச் சிப்பாய்களை வெட்டி மாற்றிவிட்டார். வீட்டில் ஒரு நாளும் இப்படி ஆடியதில்லை. என் பிஷப்புக்குத் தானாக வழி திறந்துவிட்டது. விட்டுக்கொடுக்கிறாரா? பாவி மனுஷன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருபத்தெட்டில் அவர் குதிரை மாட்டியது. டிரா கேட்டார். எனக்கு அதுவே போதும்தான் — ஆனாலும் மாட்டேன் என்று தலையாட்டினேன். நாற்பத்தொன்றில் கை கொடுத்தார்.

ஜெயித்துவிட்டேன். நானா ஜெயித்தேன்? அவர் கொடுத்தாரா?

பிப்ரவரி 2
 விட்டுக்கொடுத்தாரா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்
காலையில் தோசை வார்த்துக்கொண்டு வந்தால், எங்கள் ஆட்டத்தை மறுபடி அடுக்கி வைத்து முறைத்துக்கொண்டிருக்கிறார்.

“இந்தக் குதிரைய எவனாவது இங்க வப்பானா?” என்றார். குரலில் அவ்வளவு கோபம். “மூணாவது மூவ்ல மாத்திட்டா நீ குழம்பிடுவன்னு நெனச்சேன். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு, என் ஃப்ரெண்டு பிரகாஷ் வீட்டுல ஒக்காந்து மூணு மணி நேரம் படிச்சேன், உன்னத் தோக்கடிக்க.”

தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குள் வந்துவிட்டேன். சந்தோஷத்தில் அழுகை அழுகையாக வருகிறது. அடுப்பில் இருந்த தோசை தீய்ந்தே போனது.