முகம் பார்த்துப் பேசுவது

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், படியேறும்போது முழங்கால் முனகுவதைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் அருங்காட்சியகத்தில் விளக்கம் சொல்ல ஒரு ரோபோ வந்திருக்கிறது, நான் காவலிருக்கும் கடிகாரக் கூடத்தில்தான் விட்டிருக்கிறார்கள். என் நெஞ்சு உயரம், பெரிய கண்கள். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கும், பிறகு கடிகாரத்தின் பக்கம் கண்ணைத் திருப்பும், உடனே மொத்தக் கூட்டமும் அங்கே திரும்பிவிடும். இருபத்திரண்டு வருஷமாக நான் கைநீட்டிக் காட்டியும் இப்படி யாரும் திரும்பியதில்லை, போ.

போன வாரம் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வந்தார். முன்னால்தான் இருந்தார், ஆனால் ரோபோ அவர் தலைக்கு மேலாகப் பின்னால் நின்றவர்களையே பார்த்துப் பேசியது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு என்னிடம், நான் இருக்கறதே அதுக்குத் தெரியலையோ என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினியர் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். நின்னுக்கிட்டு இருக்கறவங்களை வெச்சேதான் பழக்கினோம் சார், உட்கார்ந்திருக்கறவங்களை யோசிக்கவே இல்லை என்றாள், முகம் வாடிவிட்டது. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொன்னாள். அதற்குள் ரோபோவைத் திருத்தி, என்னை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு நாள் சோதித்தாள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அது என் முகத்தைப் பார்த்து, நான் தலையசைக்கும்வரை காத்திருக்கும். ஏழெட்டு முறைக்குப் பிறகு எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசியா சார் என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அம்மா போன பிறகு பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை பாப்பா, மிஷின் என்று தெரிந்தும் எழுந்திருக்க மனசு வரவில்லை. செவ்வாயன்று பெரியவர் வந்தார், அது கண்ணைத் தாழ்த்தி அவரைப் பார்த்தது, அவரும் ம், சொல்லு என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் ஒற்றுமையாக இருக்க என் ஆசீர்வாதம். பல்வலியைத் தள்ளிப்போடாதே, டாக்டரைப் பார். இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்கிறேன், அதில் பாதிதான் நிஜம். வேலையை விட்டு ஓடிவரச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே பேசாதே, ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பேசு, போதும். நானும் டிவியை அணைத்துவிடுகிறேன்.

உன் அப்பா