நீங்கள் வைத்துப்போன பரஸ்தான முடிச்சு

அண்ணே,

இன்று காலை மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஐரோப்பாவில் சண்டை தொடங்கியதிலிருந்தே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. விமானங்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறதாம். கம்பெனியை மூடுகிறோம் என்று துரை சொல்லவில்லை. சேர்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் சொன்னார். இந்த வார்த்தையை நான் கேட்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கேட்டபோது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள்.

கீழ் இழுப்பறையை இழுத்தால் வராது, எட்டி ஒரு உதை கொடுக்க வேண்டும். உதைத்தேன். பழைய டிக்கெட் அடிக்கட்டைகளுக்குக் கீழே உங்கள் மஞ்சள் முடிச்சு கிடந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். மஞ்சள் வாசனை போய்விட்டது. இந்த ஆபீஸில் எதைத் தொட்டாலும் அடிக்கிற பெட்ரோல் நெடிதான் அதிலும் அடித்தது. மேசையைக் காலி செய்யும் வேலை அத்தோடு நின்றுவிட்டது. எனக்கு அவமானமாக இருக்கிறது அண்ணே. பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், அவமானம்தான்.

நீங்கள் முதன்முதலில் எங்கள் கோலாலம்பூர் ஆபீஸ் படியேறிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது இருந்தது பழைய கம்பெனி, சின்னக் கம்பெனி. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓட்ட இரண்டு சின்ன விமானங்கள் வைத்திருந்தோம். நான் அங்கே டிக்கெட் எழுதும் கிராணி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் ரயில்வே வேலையை விட்டுவிட்டு இங்கே வந்ததற்காக, "தண்டவாளம் இல்லாத வண்டிக்கு என்னடா டிக்கெட்டு" என்று அப்பா பல நாள் என்னோடு பேசவில்லை. நீங்களோ கிள்ளான் ஸ்டேஷனுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தவர். குடையை மூலையில் சாத்திவிட்டு, "தம்பி, பெனாங்குக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க, நான் செத்தா கடைக்கு ஆள் இருக்கு" என்றீர்கள். எங்கள் கவுண்டரில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய முதல் தமிழர் நீங்கள்.

சுங்கை பீசி விமான மைதானத்தில் ஏறுவதற்கு முன்னால் ஆளையும் நிறுப்போம். கித்தாத் தோட்டத்தில் ரப்பர் சீட்டு நிறுக்கிற அதே தராசுதான். பல பேருக்கு முகம் சுருங்கிவிடும். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி கும்பிடப் போகிறவர் மாதிரி அதன் மேல் ஏறி நின்றீர்கள். "இத்தன வருஷமா நான் ஊருக்கு நிறுத்தேன். இன்னிக்கு என்னையே நிறுக்கிறாங்க. நல்லா பாத்து நிறுங்க தம்பி, நான் யாருக்கும் கொறச்சு நிறுத்ததில்ல லா." துரைக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

திரும்பி வந்ததும் பாசாரில் பார்த்தவர்களிடமெல்லாம் விமானப் புகழ் பாடினீர்கள். ஆனாலும் கிள்ளான் வியாபாரிகள் வரவில்லை. விழுந்துவிடுமோ என்ற பயம் இல்லை அவர்களுக்கு. வெள்ளிக்கிழமை விமானம் பதினொரு மணிக்கு, சரியாக ராகு காலத்தில் கிளம்புகிறது. அதுதான் பயம். ராகு காலம் என்று சொல்லி, நேரத்தை மாற்றத் துரையிடம் கேட்டேன். எந்தக் காலம் என்று கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை.

வழி கண்டுபிடித்தது நீங்கள். "பரஸ்தானம் வச்சிட்டா போவுது" என்றீர்கள். நல்ல நேரத்தில் ஒரு பிடி அரிசி, மஞ்சள், பாக்கு வைத்துத் துணியில் முடிந்து, அந்த முடிச்சை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய் இன்னொருவர் இடத்தில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பி, போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டாலும் தோஷம் இல்லை. அந்த இன்னொருவர் இடம் எங்கள் ஆபீஸ் என்று ஆனது. வியாழக்கிழமை சாயங்காலம் கிள்ளான் ரயிலில் வந்து முடிச்சைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வர முடியாதவர்களுடையதை நீங்களே வாங்கி வந்து எங்கள் அலமாரியில் அடுக்குவீர்கள். ஒரு நாள் துரை உள்ளே வந்து அலமாரியைப் பார்த்து, இதெல்லாம் என்ன என்றார். "இவர்களெல்லாம் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார்கள்" என்றேன். அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் அறைக்குப் போய்விட்டார்.

அந்தச் சில மாதங்கள் நல்ல மாதங்கள். ஆனால் உள்ளே ஒரு கோளாறு இருந்தது. அதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கம்பெனிக்குச் சோறு போட்டது ஆட்கள் இல்லை, தபால். சர்க்கார் தபாலுக்குக் கொடுத்த பணத்தில்தான் பெட்ரோலும் சம்பளமும். மூட்டைகளை ஏற்றியது போக மிச்ச இடம் இருந்தால் மனிதர்கள். இல்லாவிட்டால், மன்னிக்க வேண்டும், அடுத்த விமானத்தில் வாருங்கள். இப்படி மைதானத்தில் இறக்கி விடப்பட்ட ஆள் மறுபடி வரவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். துரைக்கும் தெரியும். தபால் இருக்கும்வரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

உங்கள் தங்கை மகளுக்குப் பினாங்கில் நிச்சயம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை, விளக்கு வைப்பதற்குள் முகூர்த்தம். நீங்கள் தாய்மாமன். மாமன் தட்டு ஏந்தி வந்து நிற்காமல் வெற்றிலை பாக்கு மாற்ற மாட்டார்கள். ரயிலில் முந்தின நாளே போயிருக்கலாம். "ஊருக்கெல்லாம் ஏறு ஏறுன்னு சொல்லிட்டு நான் ரயில்ல போனா நல்லா இருக்குமா தம்பி?" என்றீர்கள். வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் முடிச்சை என் கையில் கொடுத்து, "கெளம்பிட்டேன்" என்றீர்கள். கொடுத்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போனீர்கள்.

மறுநாள் கிள்ளான் வியாபாரிகள் மோட்டார் பிடித்து உங்களை வழியனுப்ப வந்திருந்தார்கள். மாலை போட்டார்கள். பட்டு அங்கவஸ்திரமும் கையில் வெள்ளித் தட்டுமாக நீங்கள் மாப்பிள்ளை போலவே இருந்தீர்கள். உங்கள் முடிச்சு என் சட்டைப்பையில் இருந்தது, ஏறும்போது கொடுப்பதற்காக. முந்தின நாள் மழையில் விமானம் கிளம்பவில்லை. அதனால் அன்று இரண்டு நாள் தபால் சேர்ந்துவிட்டது. மூன்று பயணிகளில் ஒருவர் இறங்க வேண்டும் என்றார் துரை. மற்ற இருவரும் வெள்ளைக்காரர்கள். யார் இறங்குவது என்று யாரும் கேட்கவே இல்லை. உங்களிடம் போய்ச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்கள்.

சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை. திரும்பத் தராசின் மேல் ஏறி நின்றீர்கள். மாலையைக் கழற்றினீர்கள். அங்கவஸ்திரத்தை எடுத்து என் தோளில் போட்டீர்கள். குடை, கைக்கடிகாரம், பிறகு சட்டை. "இப்ப பாருங்க தம்பி" என்றீர்கள். உங்களை வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முள்ளைப் பார்த்தேன். துரை முடியாது என்று தலையை ஆட்டினார். மூட்டைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. இன்றைக்கும் தராசில் யாராவது ஏறி நின்றால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

கீழே இறங்கி, "தட்டையாச்சும் ஏத்துங்க. அது மட்டும் போவட்டும்" என்றீர்கள். அதற்காக நான் துரையிடம் கெஞ்சினேன். போனால் போகிறது என்று அவர் தட்டை ஏற்றிக்கொண்டார். நல்லது செய்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். நீங்களும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். காலை ரயில் போய்விட்டிருந்தது. ராத்திரி ரயில் பிடித்து மறுநாள்தான் பினாங்கு போய்ச் சேர முடிந்தது.

நம் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை பாருங்கள். நம் ஜனங்களிடையே மாமன் வராமல் தட்டு மட்டும் வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? சம்பந்தம் பிடிக்கவில்லை, கடமைக்குச் சீர் அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். எங்கள் பினாங்கு ஆபீஸ் ஆள் கொண்டுபோய்க் கொடுத்த தட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்களாம். ஒரு தூரத்து உறவினரை மாமன் ஸ்தானத்தில் நிறுத்தி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி வெற்றிலை பாக்கு மாற்றினார்களாம். மறுநாள் நீங்கள் போய் நின்றபோது உங்கள் தங்கை கேட்டதை நீங்களே எனக்குச் சொன்னீர்கள். "தட்டுக்கு எடம் இருந்துச்சு, ஒனக்கு எடம் இல்லியா? நம்புற மாதிரி சொல்லுண்ணே." உங்கள் தங்கை கேட்டதில் என்ன தப்பு? தட்டை நாம் அனுப்பாமல் இருந்திருந்தால் நீங்கள் சொன்னதை நம்பியிருப்பார்கள். கல்யாணத்திலும் அந்தத் தூரத்து உறவினர்தான் மாமன். நீங்கள் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள்.

அதன் பிறகு கிள்ளானிலிருந்து எங்களுக்கு ஒரு முடிச்சுகூட வரவில்லை. கொஞ்ச நாளில் தபாலும் போய்விட்டது. பெரிய விமானம் வைத்திருந்த இன்னொரு கம்பெனிக்கு அதைச் சர்க்கார் கொடுத்துவிட்டது. அப்போதுதான் எங்கள் துரை மனிதர்களைத் தேடினார். விளம்பரம் போட்டார், கட்டணத்தைக் குறைத்தார், எலுமிச்சைச் சாறு கொடுக்கிறோம் என்றார். யார் வருவார்கள்? தபாலுக்காக எத்தனை பேரை மைதானத்தில் இறக்கி விட்டோமோ, அத்தனை பேரும் ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். விமானக் கம்பெனிகள் ஏன் காணாமல் போகின்றன என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. எந்திரம், மழை, சண்டை என்று ஏதாவது சொல்லி வைப்பேன். எனக்குத் தெரிந்த காரணம் அந்தத் தராசடியில் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்கிறது. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

பெரிய கம்பெனி எங்களைச் சேர்த்துக்கொண்டது. விமானத்தின் பக்கவாட்டில் இருந்த பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை எழுதிய அன்று நாள் முழுக்க வர்ணம் நாறியது. எனக்கு ஒரு புதுத் தொப்பி கொடுத்தார்கள், சம்பளமும் கூடியது. தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் தடவை பிரிக்ஃபீல்ட்ஸ் சடக்கில் நடந்தபோது, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்றுதான் நினைத்தேன். அப்பா மட்டும் சந்தோஷப்பட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிச்சை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்தேன். தொப்பியை ரயிலிலேயே கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். நீங்கள் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். முடிச்சைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"இத ஏன் கொண்டாந்தீங்க?"

"உங்களுது அண்ணே. அன்னிக்கு என் பையிலயே தங்கிப்போச்சு."

"வீட்டுக்குத் திரும்ப வாங்கக்கூடாது தம்பி. வாங்கிட்டா நான் கெளம்பலேன்னு ஆயிடும். உங்ககிட்டயே இருக்கட்டும்."

பிறகு வாடிக்கையாளர் பக்கம் திரும்பி, பருப்பைப் பொட்டலம் கட்டினீர்கள். எனக்கு ஒரு ஆரஞ்சுக் கிரஷ் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். நான் குடித்துவிட்டு வந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அன்று எனக்குப் புரியவில்லை. பழக்கவழக்கம் பார்க்கிறவர், அதனால் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டீர்கள். காரியத்துக்கு வந்தேன். உங்கள் தங்கை பினாங்கிலிருந்து வரவில்லை. அண்ணி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் இன்று புரிந்தது. உங்கள் தங்கை கேட்ட கேள்விக்கு நீங்கள் வாயால் சொன்ன பதில் செல்லவில்லை. துரை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆனால் அவர்களுக்கும் பரஸ்தானம் என்றால் என்ன என்று தெரியும். வியாழக்கிழமை நல்ல நேரத்தில் நீங்கள் முடிச்சை வீட்டைவிட்டு வெளியே வைத்துவிட்டீர்கள். அதற்கு வேறு அர்த்தம் சொல்ல முடியாது. அது என் இழுப்பறையில் கிடந்தது, டிக்கெட் அடிக்கட்டைகளுக்குக் கீழே. நீங்கள் இருந்தபோதே அதை உங்கள் தங்கையிடம் காட்ட நான் ஒரு விமானம் ஏறிப் போயிருக்கலாம். எனக்கு டிக்கெட்கூடத் தேவை இருந்திருக்காது.

நாளை வெள்ளிக்கிழமை. பினாங்குக்குக் கடைசி விமானம் பதினொரு மணிக்குப் போகிறது. தபாலை ரயிலுக்கு மாற்றிவிட்டார்கள். ஏறுவதற்கு ஆள் இல்லை. வேண்டுமானால் நீ ஏறிக்கொள் என்று துரை சொல்லிவிட்டார். ராகு காலம்தான். நான் எனக்கென்று எதுவும் முடிந்து வைக்கவில்லை.

முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டுதான் தராசில் ஏறுவேன். அவிழ்க்க மாட்டேன். உங்கள் தங்கை கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே நிற்கிறேன், உங்களைப் போல வெளியே நிற்க நானும் பழக வேண்டியதுதான். திறந்தால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: அக்கா, அண்ணன் வியாழக்கிழமையே கெளம்பிட்டாரு.