அப்பா கற்றுக்கொண்ட சொல்

ஞாயிறு இரவு, திண்டிவனம்

தங்கையைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வந்தார்கள். "போய்க்கினு வந்துக்கினுன்னு அவங்க முன்னாடி பேசாதப்பா, மானம் போவுது" என்று அவள் நேற்றே சொல்லிவிட்டாள். பாவம் அப்பா, அவள் தோழிகளோடு போனில் பேசும் ஒரு சொல்லைப் பிடித்து வைத்திருந்தார்.

"உங்க காரு வேற லெவலுங்க" என்றார் மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளையின் தங்கை சிரித்தாள். "ஐயோ அங்கிள், அதெல்லாம் பழசு. இப்போ யாரும் சொல்றதில்ல."

அப்பா விளைவித்த மல்லாட்டையை, அவர்கள் மொழியில் வேர்க்கடலையை, தின்றுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையும். தட்டைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். சம்பந்தம் கெட்டுவிடுமே என்று சும்மா இருந்தேன்.

மாலையில் போன் வந்தது. பெண் பிடித்திருக்கிறதாம். தங்கை ஓடிவந்து போனை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா வாங்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நீ பேசுடா. நான் பேசி எதனா கெட்டுடப் போவுது."