அப்படியேதான் இருக்கு

அன்புள்ள அம்மா,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று ஆபீசில் ஒரு வேடிக்கை. அப்பாவின் கம்ப்யூட்டரில் நானும் அக்காவும் அடித்துக்கொண்டு படம் வரைவோமே, அந்த மென்பொருள் சோதனைக்கு வந்தது. கம்ப்யூட்டரை நடத்தும் இயங்குதளத்திடம் அது முதலில், "நீ பழசா, புதுசா?" என்று கேட்கும். புதுசு என்றால் முரண்டு பிடிக்கும். அதனால் எங்கள் புது இயங்குதளத்தை, "நான் பழைய ஆள்தான்" என்று பொய் சொல்ல வைத்தேன். உடனே அதே வண்ணப்பெட்டியோடு திறந்துகொண்டது. மேலதிகாரி என் முகத்தைப் பார்த்து, "என்னப்பா, கண்ல தூசியா?" என்றார்.

நீயும் போனில், "இங்க எல்லாம் அப்படியேதான்டா இருக்கு" என்கிறாய். அதை நம்பித்தான் காலத்தை ஓட்டுகிறேன்.

என் பழைய போர்வையை அனுப்பு, கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பஸ் வரும் நேரம், முடிக்கிறேன். அப்பாவின் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டிருந்தால், இப்போதைக்குச் சொல்லாதே.

உன் மகன்