இன்னொரு எலுமிச்சம்பழம்

ஆப்பச் சோடாப் பொட்டலம் ஒன்று என் மேசைமேல் பிரிக்காமல் கிடக்கிறது. அரைக்கிலோ. பழைய பேப்பரில் கட்டி, சணல் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றியது. போன வாரம் என்னோடு மலைக்கு ஏறியது, ஏறிய மாதிரியே இறங்கியும் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்கு எந்த விலாசம் போட்டு எழுதுவது என்று ஒரு கிண்டல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஒன்றரை வருடமாக எனக்கு எல்லாமே அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

சனிக்கிழமை காலையில், எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டும் அண்ணன் நம் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தார்.

"பாப்பா, ஒங்க அத்தை சொல்லிவிட்டாக. அரைக்கிலோ ஆப்பச் சோடா வேணுமாம். மேல லயத்து வீடுகள்ல பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மருந்துல போடணுமாம்."

"எந்த மருந்துலண்ணே?"

"ஒன் மதினி குடிச்சாள்ல, அதே மருந்துதான். ஒங்க அத்தைதான் இப்ப லயத்துக்கே டாக்டரு" என்று சிரித்தார். நான் கடைக்குப் போய்ப் பொட்டலத்தை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. கேட்டார்கள், வாங்கினேன்.

மதினி. அத்தை மகள், என்னைவிட மூன்று மாதம் மூத்தவள் என்பதற்காக அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். பி.யூ.சி. படிக்க மலையிலிருந்து போடிக்கு இறங்கி எங்கள் வீட்டில் தங்கிய முதல் நாள் அது. "மதி இல்லாதவளுக்கு எப்பிடி மதினின்னு பேரு வந்துச்சு?" என்றேன். நங்கென்று ஒரு குட்டு வைத்தாய். அதற்குப் பிறகு நம் இருவருக்கும் ஒரே பாய், ஒரே வேதியியல் புத்தகம். படித்தது நீ. ஓரத்தில் படம் வரைந்தது நான்.

உன் வீட்டுச் சுவர் ஞாபகம் இருக்கிறதா? மலேரியாக்காரர் மாதம் ஒருமுறை போடிமெட்டு ஏறி வந்து, ஒவ்வொரு வீட்டிலும் "காய்ச்சல் உண்டா?" என்று கேட்டு, கதவோரம் தேதி எழுதிவிட்டுப் போவார். அந்தத் தேதிகளுக்கு மேலே கரிக்கட்டையால் "பெண் பார்க்க வந்த தேதிகள்" என்று தலைப்புப் போட்டேன். அடுத்த மாதம் அவருடைய மேலதிகாரியும் கூட வந்திருந்தார். அத்தை விளக்குமாற்றை எடுத்தாள். நீ தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

அந்த ஆடியில் நாம் மேலே போயிருந்தபோதுதான் அத்தைக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. எஸ்டேட் மருந்துக்கடையில் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. கம்பவுண்டர் பழைய டின் ஒன்றிலிருந்து கொய்னாப் பொடியை நிறுத்துக் கொடுத்தார். மலேரியாவுக்கான மருந்து, சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. அவர் பாதி மலையாளம்.

"வெள்ளத்தில் கலக்கிக் கொடுக்கணும், கேட்டோ?"

"எந்த வெள்ளத்துலண்ணே? ரோட்டுல ஓடுதே, அதுலயா?" என்றேன். நீ என் காலை மிதித்தாய்.

வெள்ளத்தில் அது கலங்கியது, கரையவில்லை. கலக்கினால் சுற்றியது, விட்டால் அடியில் போய் உட்கார்ந்தது. நாக்கில் பட்டால் மட்டும் ஒட்டிக்கொண்டது. அத்தை குடித்த வேகத்தில் வாந்தி எடுத்தாள். "எனக்கு வயித்துல நிக்கவே மாட்டேங்குது, விட்ருங்கடி" என்றாள்.

"தண்ணியிலயே நிக்காதது வயித்துல எப்பிடிம்மா நிக்கும்?" என்று நீ பாத்திரத்தை எடுத்தாய். வெந்நீரில் போட்டாய். கரைந்த மாதிரி இருந்து, ஆறியதும் அடியில் திரும்பி வந்தது. தேனில் குழைத்தாய், கஞ்சியில் கலந்தாய். கடைசியில் நம் வேதியியல் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னாய்.

"இது ஒரு காரம் பிள்ள. புளிப்பச் சேத்தா உப்பாயிரும். உப்பானாத் தண்ணியில கரையும்."

"காரம், புளிப்பு, உப்பு. நீ மருந்தா காய்ச்சுறே? ரசம் வைக்கிறேடி."

"வச்சுட்டுப் போறேன். எலுமிச்சம்பழம் கொண்டா."

இரண்டு பழம் பிழிந்தாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் மாதிரி இருந்தது மெல்ல மெல்லத் தண்ணீரானது. பொடி ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, மழை விட்ட அந்தக் கொஞ்ச நேர வெயிலுக்குப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். "ஏ கிறுக்கி, இங்க வா!" என்று கத்தினாய். பாட்டிலின் ஓரத்தில் ஒரு நீலம். நேராகப் பார்த்தால் வெறும் தண்ணீர். சாய்த்துப் பார்த்தால் வெயில் படும் விளிம்பில் மட்டும் நீலம். யாரோ உள்ளே ஒரு துண்டு வானத்தைப் பிழிந்த மாதிரி.

"நீலம் தெரிஞ்சா கரைஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்றாய். அத்தைக்கு அந்த மருந்து வயிற்றில் நின்றது. ஐந்தாம் நாள் ஏலக்காய் எடுக்கப் போய்விட்டாள்.

இனி வருவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசி. தீபாவளி லீவுக்கு நாம் இருவரும் மேலே போயிருந்தோம். இரண்டாம் நாளே உனக்கு நடுக்கம் எடுத்தது. அன்றைக்கே போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைபட்டது. ஜீப்பு இல்லை, பஸ்சு இல்லை. அத்தை அதே டின்னிலிருந்து அதே பொடியை வாங்கி வந்தாள். எப்படிப் பிழிய வேண்டும் என்று நீ படுத்துக்கொண்டே சொன்னாய், அவள் பிழிந்தாள். மருந்து கரைந்தது. ஆனால் உன்னால் குடிக்க முடியவில்லை. வெறும் வயிற்றில் அந்தப் புளிப்பும் கசப்பும் சேர்ந்து உன் முகம் கோணியது. ஒரு கரண்டிக்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன் என்றாய்.

எனக்கு உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான். அலமாரியில் ஆப்பச் சோடா டப்பா இருந்தது, சீனி இருந்தது. "விலகு அத்தே, போடி ஸ்பெசல் கலர் கொண்டாறேன்" என்று பாட்டிலில் இரண்டு கரண்டி சோடாவைத் தட்டினேன். புஸ்ஸென்று நுரை பொங்கிக் கழுத்து வழியாக என் கையெல்லாம் வழிந்தது. நீ சிரித்தாய். அடுப்படியில் அத்தையும் சிரித்தாள். நான் கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொண்டு, கோலி சோடாக்காரர் மாதிரி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

நீ குடித்துவிட்டு, "இப்பக் கசப்புக் கம்மியா இருக்குடி" என்றாய். ஏன் கம்மியானது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இல்லை. உனக்குத் தோன்றியது. பாட்டிலை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாய்.

"நீலம் போயிருச்சு பாரு."

"வெயிலே இல்ல, நீலம் எங்குட்டு வரும்? மேகத்துக்கிட்டப் போய்க் கேளு."

"இல்ல பிள்ள, கலங்கலா இருக்கு..."

"படிச்சது போதும் மதினி. வெரசாக் குடி."

இரண்டு நாள் அந்தப் பாட்டிலிலிருந்து மேலாக ஊற்றி ஊற்றிக் கொடுத்தோம். காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ரோட்டைத் திறந்துவிட்டார்களா என்று பார்க்க வளைவு வரைக்கும் போய்விட்டு வந்தேன். நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாய். "காதுக்குள்ள வண்டு கத்துதுடி" என்றாய். "ஏலப் பூவுக்கு வந்த வண்டு வழி தவறிருச்சு" என்றேன். நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது அது. அதைவிட நல்லதாக ஒன்று என்னிடம் இருந்திருக்கலாம்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. ரோடு மறுநாள் திறந்தது. "காய்ச்சல் தலைக்கேறிப் போயி, மோளே" என்று கம்பவுண்டர் அத்தையிடம் சொன்னார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பிறகு நான் பி.எஸ்சி. சேர்ந்தேன். வேதியியல்தான். வேறு எதிலும் இடம் இல்லை என்று வீட்டில் சொல்லிவைத்தேன். இந்தத் தை மாதம் செய்முறை வகுப்பில், புளிப்பில் கரைந்திருந்த ஒரு கரைசலில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் தெளிந்திருந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, மெதுவாக அடியில் இறங்கியது. பக்கத்தில் இருந்தவள் நோட்டில் "வெள்ளை வீழ்படிவு" என்று எழுதினாள். நானும் எழுதினேன். கையெழுத்து எப்போதும்போல நன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் விளங்கியது. நீ புளிப்பு ஊற்றிக் கரைத்ததை நான் சோடா போட்டுக் கரையாததாக்கிவிட்டேன். மருந்து முழுவதும் அடியில் இறங்கிவிட்டது. அதனால்தான் கசப்புக் குறைந்தது. இரண்டு நாள் உனக்கு மேலே இருந்த வெறும் எலுமிச்சைத் தண்ணீரைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் பாட்டில் காலி, அடியில் இருந்தது மொத்தமாக உனக்குள் போயிருக்க வேண்டும். காதில் வண்டு கத்துவது மருந்து அதிகமாகிவிட்டதற்கு அடையாளம் என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் இருந்தது. காய்ச்சலால் போனாயா, கடைசி வாயால் போனாயா? அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தெரிந்த பிறகும் மூன்று மாதம் சும்மா இருந்தேன். அத்தை சோடா கேட்டு அனுப்பாவிட்டால் இன்னும் சும்மாதான் இருந்திருப்பேன்.

ஜீப்பில் எனக்கு முன் சீட்டு. மடியில் பொட்டலம். அத்தனை வளைவிலும் அண்ணன் பேசிக்கொண்டே வந்தார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சித்திரை வெயில் மலைமேல் பளீரென்று அடித்தது.

உன் வீட்டு ஜன்னலில் பாட்டில் இருந்தது. உன்னுடைய அதே பாட்டில். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு வெள்ளை.

"வந்துட்டியா ஆத்தா. கசப்புத் தெரியாம இருக்க, இருந்த சோடாவப் போட்டேன், பத்தல. பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு அனலாக் கொதிக்கி. இனிமேத்தான் குடுக்கணும்."

"குடுக்காத அத்தே."

"ஏன்?"

"சோடா போடக் கூடாது."

"அவளுக்குப் போட்டுத்தான குடுத்தோம்?"

"அதான் அத்தே."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீலம் போயிருச்சு என்று நீ சொன்னதையும், நான் மேகத்தைக் கேட்கச் சொன்னதையும் சொன்னேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். இரண்டு பேரும் அழுகைக்குக் காத்திருந்தோம், வரவில்லை. அடுப்பில் பால் பொங்கியது. அத்தை போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"அன்னைக்குக் காலையில நீ ரோட்டுப் பக்கம் போயிருந்த" என்றாள். "அடியில வெள்ளையா நின்னுச்சு. மருந்து வீணாப் போகுதேன்னு தண்ணி ஊத்தி அலசி, விரலால வழிச்சு, நான்தான் ஊட்டுனேன்."

எண்ணெய் டின் காலியானாலும், மாவுச் சட்டி காலியானாலும் அலசி ஊற்றுகிற கை அது. ஏலக்காய் உதிர்ந்தால் உமிக்குள் கைவிட்டுத் தேடுகிற கை. எதையும் மிச்சம் வைக்காது.

நான் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நறுக்கி, அந்தப் பாட்டிலிலேயே பிழிந்தேன். மறுபடி புஸ்ஸென்று நுரைத்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மறு பாதியையும் பிழிந்தேன். நுரை அடங்கியது. வெள்ளை ஓரத்திலிருந்து மெல்லக் கலைந்து, மெலிந்து, இல்லாமல் போனது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். விளிம்பில் நீலம்.

அத்தை கிட்ட வந்து பார்த்தாள். இதற்கு முன் அவள் அதைப் பார்த்ததில்லை. அவளுக்காகவே நீ கரைத்த நாளில் அவள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

"இம்புட்டுத்தான் அத்தே."

"இன்னொரு பழம்."

"ஆமா."

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, மருந்தை வாசல் மண்ணில் கவிழ்த்தாள். அலசவில்லை. பக்கத்து வீட்டுக்குள் போய்ச் சின்னவனையும் அவன் அம்மாவையும் கூட்டி வந்து ஜீப்பில் ஏற்றினாள். "போடி ஆஸ்பத்திரிக்கே போங்க, மத்த சோலியெல்லாம் பெறகு பாத்துக்கலாம்" என்றாள். பொட்டலத்தை என் மடியில் திருப்பி வைத்தாள். "இத நீயே கொண்டு போ." குரலில் கோபம் இருந்ததா என்று இறங்குகிற வழியெல்லாம் கேட்டுப் பார்த்தேன். இருந்த மாதிரியும் இருந்தது. பையன் என் தோளில் சாய்ந்து தூங்கினான், சட்டையைத் தாண்டிச் சுட்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது, மிட்டாயா என்று கேட்டான்.

இப்போதெல்லாம் என் பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது, மதினி. சுருங்கினால் வேறு மாற்றிக்கொள்கிறேன். எதற்கு என்று கல்லூரியில் கேட்டார்கள். பேய்க்கு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.